சீருடையைக் காக்கும் சட்டங்கள்

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, கொல்கத்தா நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் அருகருகே செல்லும் கும்மிடிப்பூண்டி, சிப்காட் தொழிற்பேட்டையால் அறியப்பட்ட ஊர் என்பதோடு, தமிழ்நாட்டின் பெரிய இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒன்று அமைந்துள்ள இடமும் ஆகும். 1983-க்குப் பிறகு நான்கு கட்டங்களாக ஏறத்தாழ மூன்று லட்சம் ஈழத் தமிழர்கள் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தனர். அவர்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்றும் மாநிலம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்கின்றனர். 2021-இல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி, புதிய வீடுகளுக்கும் கல்விக்கும் நிதி ஒதுக்கியது. கட்டட வேலைக்கும் பெயின்ட் அடிக்கும் வேலைக்கும் ஆலைக் கூலிக்கும் செல்லும் இந்த மக்களில் பலர் தம் உறவினர் கொல்லப்பட்டதையோ, கைது செய்து கொண்டு செல்லப்பட்டவர் திரும்பாமல் போனதையோ நேரில் கண்டவர்கள். அவர்கள் கண்டவை குற்றங்களா, குற்றங்கள் என்றால் யார் பொறுப்பு என்பதை விசாரிக்க உலகில் ஒரு நீதிமன்றம் உண்டா என்ற கேள்விக்கு விடை தேடும்போது, அந்த விடை கொழும்பிலும் புது தில்லியிலும் மட்டுமல்லாமல் வாஷிங்டனில் 2002-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்திலும் சிக்கியிருப்பது தெரியவருகிறது.

ஒரு நாட்டின் படைவீரர்களைப் பிற நாட்டு நீதிமன்றங்களும் பன்னாட்டு நீதிமன்றங்களும் விசாரிக்க முடியாதபடி தடுக்கும் சட்டங்களும் ஒப்பந்தங்களும் இன்று உலகெங்கும் பரவியுள்ளன. அவற்றின் தோற்றத்தையும் செயல்பாட்டையும் புரிந்துகொள்ள, அவை எந்த நீதிமன்றத்துக்கு அஞ்சி எழுந்தனவோ அந்த நீதிமன்றத்தை முதலில் அறிந்துகொள்வது தேவை.

ஹேக் நகரத்து நீதிமன்றம்

1998 ஜூலை 17 அன்று ரோம் நகரில் கூடிய மாநாட்டில் 120 நாடுகள் ஆதரவாகவும் 7 நாடுகள் எதிராகவும் வாக்களிக்க, 21 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்க, பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவும் 'ரோம் சாசனம்' நிறைவேறியது. எதிராக வாக்களித்தவற்றில் அமெரிக்காவும் சீனாவும் இஸ்ரேலும் அடங்கும்; இந்தியா ஒதுங்கி நின்ற நாடுகளில் ஒன்று. அறுபது நாடுகள் ஒப்புதல் அளித்ததும் 2002 ஜூலை 1 முதல் சாசனம் நடைமுறைக்கு வந்தது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் செயல்படும் இந்த நீதிமன்றம் நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை விசாரிப்பதில்லை. இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள், ஆக்கிரமிப்புப் போர் ஆகிய நான்கு வகைக் குற்றங்களைச் செய்த தனிமனிதர்களையே, அவர்கள் சாதாரணப் படைவீரராயினும் நாட்டின் அதிபராயினும், கூண்டில் நிறுத்துகிறது.

எந்த வழக்கு அதன் முன் வரலாம் என்பதற்கு வரம்புகள் உண்டு. குற்றம் உறுப்பு நாட்டு மண்ணில் நடந்திருக்க வேண்டும், அல்லது குற்றம் சாட்டப்பட்டவர் உறுப்பு நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது ஐ.நா. பாதுகாப்பு மன்றம் அந்த நிலவரத்தை நீதிமன்றத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். உறுப்பினரல்லாத நாடு தானே முன்வந்து அறிக்கை அளித்தும் நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கலாம். 2002 ஜூலைக்கு முன் நடந்தவற்றை அது தொட முடியாது. இவற்றையெல்லாம்விட முக்கியமானது 'நிரப்புக் கோட்பாடு' எனப்படும் விதி: ஒரு நாடு தன் படைவீரர்மீதான குற்றச்சாட்டைத் தானே நேர்மையாக விசாரிக்குமானால் ஹேக் நீதிமன்றம் அதில் தலையிட முடியாது, அந்த நாட்டுக்கு விசாரிக்க மனமில்லாதபோதோ இயலாதபோதோ மட்டுமே அதன் கதவு திறக்கும். படைவீரருக்கான பாதுகாப்பு சாசனத்துக்கு உள்ளேயே எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பைப் பெற ஒரு நாடு செய்ய வேண்டியது நேர்மையான விசாரணை ஒன்றுதான்.

அமெரிக்கச் சட்டம்

அந்த விலையைக் கொடுக்காமலேயே பாதுகாப்பைப் பெற முனைந்தது அமெரிக்கா. 2000 டிசம்பர் 31 அன்று அதிபர் கிளின்டன் ஆட்சியில் சாசனத்தில் கையெழுத்திட்ட அந்நாடு, 2002 மே 6 அன்று, புஷ் ஆட்சியில், தனக்கு அதில் சேரும் எண்ணமில்லை என்று ஐ.நா.வுக்கு எழுதி அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று, செனட் உறுப்பினர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் டாம் டிலேயும் முன்னின்று ஆதரித்த 'அமெரிக்கப் படைப்பணியாளர் பாதுகாப்புச் சட்டம்', பயங்கரவாத எதிர்ப்புக்கான துணை நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியாகப் புஷ்ஷின் கையெழுத்தைப் பெற்றது.

அச்சட்டம் மூன்று தளங்களில் செயல்படுகிறது. முதலாவதாக, அமெரிக்காவின் எந்த நீதிமன்றமும் அரசுத் துறையும் ஹேக் நீதிமன்றத்துடன் ஒத்துழைப்பதையும், அதன் புலனாய்வாளர்கள் அமெரிக்க மண்ணில் விசாரணை நடத்துவதையும் தடை செய்கிறது. இரண்டாவதாக, ரோம் சாசனத்தில் சேர்ந்த நாடுகளுக்கு, நேட்டோ உறுப்பினர்களையும் ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற முக்கியக் கூட்டாளிகளையும் தவிர, அமெரிக்க ராணுவ உதவி நிறுத்தப்படும் என்று விதித்தது. அமெரிக்கரை ஹேக்குக்கு ஒப்படைப்பதில்லை என்று தனி ஒப்பந்தம் செய்துகொள்ளும் நாட்டுக்கு இந்தத் தடையிலிருந்து விலக்கு இருந்தது. மூன்றாவதாக, நீதிமன்றத்தால் காவலில் வைக்கப்படும் அமெரிக்கரையும், சில கூட்டணி நாட்டவரையும்கூட, விடுவிக்கத் தேவையான, பொருத்தமான எல்லா வழிகளையும் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் அளிக்கிறது. படையெடுப்புக்கும் இந்தச் சொற்கள் இடம் தருவதால், ஐரோப்பிய விமர்சகர்கள் இதனை 'ஹேக் படையெடுப்புச் சட்டம்' என்றே அழைக்கத் தொடங்கினர்.

இச்சட்டத்தை ஆதரித்தோரின் வாதங்களை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. உலகெங்கும் லட்சக்கணக்கான படைவீரரை நிறுத்தியுள்ள நாடு அரசியல் நோக்கம் கொண்ட வழக்குகளுக்கு மற்ற நாடுகளைவிட அதிகமாக இலக்காகும் என்றும், தம் நாடு ஏற்காத ஒப்பந்தத்தின்கீழ், ஜூரி முறை இல்லாத அயல் மன்றம் தம் குடிமக்களை விசாரிப்பது அரசமைப்புச் சட்டத்துக்கு முரண் என்றும் அவர்கள் கூறினர். ஆனால் உள்நாட்டில் நேர்மையாக விசாரித்தால் ஹேக் தலையிடாது என்ற விதி இருக்கும்போது, விசாரணையின் தரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத முழுத் தடை எதற்கு என்ற கேள்விக்கு அந்த வாதங்களில் விடையில்லை. மேலும், அதே சட்டத்தில் செனட் உறுப்பினர் கிறிஸ்டோபர் டாட் சேர்த்த திருத்தம், சதாம் உசேன், மிலோசெவிச், பின்லேடன் போன்ற அயல்நாட்டவரை நீதியின் முன் நிறுத்தும் பன்னாட்டு முயற்சிகளுக்கு அமெரிக்கா உதவ அனுமதிக்கிறது. பிறரை விசாரிக்கலாம், தன்னவரை மட்டும் விசாரிக்கக் கூடாது என்பதே இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்குக் கிடைக்கும் பொருள்.

தில்லியும் கொழும்பும் இட்ட கையெழுத்துகள்

சட்டம் பிறந்த கையோடு அமெரிக்கத் தூதர்கள் நாடு நாடாகச் சென்று ஒப்பந்தங்களைத் திரட்டினர். ரோம் சாசனத்தின் 98-ஆம் பிரிவு, ஒரு நாடு வேறொரு நாட்டுடன் செய்துகொண்ட ஒப்பந்தக் கடமைக்கு முரணாக ஒருவரை ஒப்படைக்கும்படி ஹேக் நீதிமன்றம் கேட்க முடியாது என்று கூறுகிறது. அயல்நாட்டில் முகாமிட்டுள்ள படைகளின் நிலையை வரையறுக்கும் வழக்கமான ஒப்பந்தங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட இப்பிரிவை, அமெரிக்கா தன் குடிமக்கள் அனைவருக்குமான காப்பாக விரித்துக்கொண்டது. நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் கையெழுத்திட்டன. இலங்கை 2002 நவம்பரிலும் இந்தியா அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று புது தில்லியிலும் கையெழுத்திட்டன.

இந்தியா செய்த ஒப்பந்தம் இரு தரப்புக்கும் பொதுவானது: இந்தியரை அமெரிக்காவும் அமெரிக்கரை இந்தியாவும், அவரவர் நாட்டின் வெளிப்படையான இசைவின்றி, எந்தப் பன்னாட்டு நீதிமன்றத்துக்கும் ஒப்படைப்பதில்லை, பாதுகாப்பு மன்றம் நிறுவிய நீதிமன்றங்களுக்கு மட்டுமே விலக்கு. இரு நாடுகளும் ரோம் சாசனத்தில் சேராதவை என்பதால் இதன் உடனடி விளைவு சிறியதே. ஆயினும், கும்மிடிப்பூண்டி முகாம் மக்கள் விட்டு வந்த நாடும் அவர்கள் தஞ்சம் புகுந்த நாடும் சில வார இடைவெளியில் ஒரே வகை உறுதிமொழியில் ஒப்பமிட்டன என்பதும், எந்த ஒப்பந்தத்தைப் பற்றியும் அம்மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை என்பதும் வரலாற்றில் பதிவாக வேண்டியவை.

இந்தியா ரோமில் ஒதுங்கி நின்றதற்குச் சொன்ன காரணங்களில் சில வலுவானவை. நீதிமன்றத்துக்கு வழக்கை அனுப்பவும் தடுக்கவும் பாதுகாப்பு மன்றத்துக்கு அதிகாரம் தருவது, சாசனத்தில் சேராத வல்லரசுகளே பிறர்மீது வழக்கை ஏவ வழிவகுக்கும் என்றது இந்தியா. அணு ஆயுதப் பயன்பாடு தடை செய்யப்பட்ட ஆயுதங்களின் பட்டியலில் சேர்க்கப்படாததையும், பயங்கரவாதம் குற்றமாகச் சேர்க்கப்படாததையும் சுட்டியது. பாதுகாப்பு மன்றத்தைப் பற்றிய அச்சம் 2005-இல் மெய்யானது: சூடானின் டார்ஃபர் நிலவரத்தை ஹேக்குக்கு அனுப்பிய தீர்மானத்திலேயே, சாசனத்தில் சேராத பிற நாடுகளின் படையினருக்கு அங்கு விலக்கு எழுதப்பட்டது. ஆனால் உள்நாட்டு மோதல்களில் நடக்கும் குற்றங்களை நீதிமன்றத்தின் வரம்பில் சேர்த்ததையும் இந்தியா எதிர்த்தது. ஈழத் தமிழரின் துயரத்தின் பெரும்பகுதி ஓர் உள்நாட்டு மோதலில் நடந்தது என்பதால், இந்த எதிர்ப்பு தமிழ் வாசகர் ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று.

இலங்கையின் உள்நாட்டுக் காப்புகள்

அமெரிக்கா தன் வீரரை அயல் மன்றத்திலிருந்து காக்கச் சட்டம் இயற்றியது என்றால், இலங்கை அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே தன் படையினரைச் சொந்த நாட்டு நீதிமன்றங்களிலிருந்து காக்கச் சட்டம் இயற்றியது. 1982-இன் 20-ஆம் இலக்கச் சட்டம், 1977 ஆகஸ்டில் தமிழருக்கு எதிரான வன்முறை நடந்த நாட்களில், சட்டம் ஒழுங்கைக் காக்கும் பொருட்டு நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட செயல்களுக்காக அமைச்சர்மீதோ அதிகாரிமீதோ படையினர்மீதோ வழக்குத் தொடர முடியாது என்றது. 1988-இல் வந்த திருத்தம் இந்தக் காப்பை அவ்வாண்டு டிசம்பர் 16 வரை நீட்டியதால், கறுப்பு ஜூலை என்று தமிழர் நினைவில் நிற்கும் 1983-உம் அதன் வரம்புக்குள் வந்தது. 1979-இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்திலும் இதே போன்ற நல்லெண்ணக் காப்புப் பிரிவு உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடுவதற்கென 2016-இல் இயற்றப்பட்ட சட்டமும், அதற்கான அலுவலகத்தின் கண்டறிதல்கள் தாமாக எவர்மீதும் குற்றவியல் பொறுப்பையோ உரிமையியல் பொறுப்பையோ ஏற்படுத்தா என்று தெளிவாகக் கூறுகிறது.

எழுத்தில் உள்ள காப்பைவிட நடைமுறையில் உள்ள காப்பு வலிமையானது. 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், சிறப்பு அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 பேர் போதிய சாட்சியம் இல்லை என்ற காரணத்தால் 2019-இல் விடுவிக்கப்பட்டனர். 2000 டிசம்பரில் யாழ்ப்பாணத்து மிருசுவிலில் குழந்தைகள் உட்பட எட்டுத் தமிழர் கொல்லப்பட்ட வழக்கு அரிதாகத் தீர்ப்பை எட்டியது. ராணுவ அணித் தலைவர் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2019-இல் இலங்கை உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. ஆனால் 2020 மார்ச் 26 அன்று, உலகம் கொரோனா அச்சத்தில் இருந்தபோது, அதிபர் கோத்தபய ராஜபக்ச அவருக்கு மன்னிப்பு வழங்கி விடுதலை செய்தார். விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு ஆகிய எல்லாம் முறைப்படி நடந்த அரிதான ஒரு வழக்கும் இவ்வாறு முடிந்தபோது, உள்நாட்டு நீதியை நம்பும்படி பாதிக்கப்பட்டோரிடம் சொல்ல எவருக்கும் தகுதி எஞ்சவில்லை.

2009 மே மாதம் முடிந்த இறுதிப் போரைப் பற்றி ஆராய்ந்த ஐ.நா. பொதுச்செயலரின் வல்லுநர் குழு, 2011-இல் வெளியான அறிக்கையில், 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று குறிப்பிட்டதுடன், அரசுப் படைகள்மீதும் விடுதலைப் புலிகள்மீதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளன என்றது. பாதுகாப்பு வலயங்கள்மீதும் மருத்துவமனைகள்மீதும் நடந்த எறிகணை வீச்சை அரசுத் தரப்பிலும், பொதுமக்களைக் கேடயமாக வைத்திருந்ததையும் சிறுவரைப் படையில் சேர்த்ததையும் புலிகள் தரப்பிலும் அது பட்டியலிட்டது. 2015 அக்டோபரில் ஜெனீவா மனித உரிமை மன்றத்தில், காமன்வெல்த் நாட்டு நீதிபதிகளும் பிற அயல்நாட்டு நீதிபதிகளும் பங்குபெறும் இலங்கை நீதிப் பொறிமுறையைக் கோரிய தீர்மானத்துக்கு இலங்கையே இணை அனுசரணை வழங்கியது. ஆனால் அயல் நீதிபதிகளை அனுமதிக்க முடியாது என்று அதிபர் சிறிசேன பலமுறை அறிவித்தார். 2020-இல் அடுத்த அரசு அந்த அனுசரணையையே விலக்கிக்கொண்டது. தூதர் பதவியும் ஒரு காப்பாகப் பயன்பட்டது: இறுதிப் போரில் வன்னிப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஜகத் ஜயசூரிய பிரேசிலில் தூதராக இருந்தபோது, 2017 ஆகஸ்டில் தென்னமெரிக்க நாடுகளில் அவர்மீது மனுக்கள் தாக்கல் செய்யப்பட்ட வேளையில் அவர் நாடு திரும்பினார்.

இந்தியா நிற்கும் இரு பக்கங்கள்

இலங்கையைக் குறை கூறும்போது இந்தியா தன் வீட்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 1942-இல் ஆங்கிலேய அரசு பிறப்பித்த அவசரச் சட்டத்தின் வழிவந்த 1958-ஆம் ஆண்டின் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம், மத்திய அரசின் முன் அனுமதியின்றிப் படையினர்மீது வழக்கோ பிற நடவடிக்கையோ தொடுக்கக் கூடாது என்கிறது. 2021 டிசம்பர் 4 அன்று நாகாலாந்தின் ஓட்டிங் கிராமத்தருகே, நிலக்கரிச் சுரங்க வேலை முடிந்து வீடு திரும்பிய தொழிலாளரைத் தீவிரவாதிகள் என்று தவறாகக் கருதி ராணுவச் சிறப்புப் படையினர் சுட்டதிலும், தொடர்ந்த மோதலிலும் 13 பொதுமக்கள் இறந்தனர். மாநிலக் காவல்துறை குற்றப்பத்திரிகை தயாரித்தும், மத்திய அரசு 2023-இல் அனுமதி மறுத்ததால், உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அந்த வழக்கு நடவடிக்கைகளை முடித்துவைத்தது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனையில் மருத்துவரும் தாதியரும் நோயாளிகளும் கொல்லப்பட்டதற்கும், 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் பொதுமக்கள் கொல்லப்பட்டதற்கும் இலங்கைக்கு அனுப்பப்பட்டிருந்த இந்திய அமைதிப் படையினர்மீது எந்தப் பொது நீதிமன்றத்திலும் வழக்கு நடக்கவில்லை.

இதே இந்தியா காப்பின் மறுபக்கத்திலும் நின்றிருக்கிறது. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில் 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த இரு கடற்படை வீரர்கள் சுட்டதில் 'செயின்ட் ஆண்டனி' படகில் இருந்த இரண்டு மீனவர்கள் உயிரிழந்தனர். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர், மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழர். இந்திய நீதிமன்றத்தில் தொடங்கிய கொலை வழக்கை எதிர்த்து இத்தாலி அணுகிய, ஹேக்கிலேயே உள்ள வேறொரு அமைப்பான நடுவர் மன்றம், அவ்வீரர்கள் அரசுப் பணியில் இருந்ததால் அவர்களுக்கு விலக்குரிமை உண்டு என்றும், இந்தியா அவர்களை விசாரிக்க முடியாது என்றும், ஆனால் இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றும் 2020-இல் முடிவு செய்தது. இத்தாலி 10 கோடி ரூபாய் செலுத்தியபின் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. 2022 ஜனவரியில் ரோம் நகர நீதிமன்றமும் விசாரணையைக் கைவிட்டது. இரண்டு உயிர்கள் போனதற்கு எந்த நாட்டிலும் குற்றவியல் தீர்ப்பு எழுதப்படவில்லை. அன்று இந்தியர் கொதித்தது நியாயமே. அதே நியாயம் ஓட்டிங் தொழிலாளரின் குடும்பத்துக்கும் வல்வெட்டித்துறைக் குடும்பங்களுக்கும் உரியது.

எல்லை கடந்த குற்றமும் கும்மிடிப்பூண்டியும்

காப்புச் சட்டங்கள் எவ்வளவு இறுக்கமாக எழுதப்பட்டாலும், சட்டத்தின் வளர்ச்சி சில இடங்களில் அவற்றைக் கடந்து செல்கிறது. 2017 ஆகஸ்டுக்குப் பின் மியான்மர் ராணுவத்தின் நடவடிக்கைகளால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்துக்குத் துரத்தப்பட்டனர். மியான்மர் ரோம் சாசனத்தில் சேராத நாடு. வங்கதேசமோ 2010 முதல் உறுப்பு நாடு. மக்களைத் தாய் மண்ணிலிருந்து வலுவில் வெளியேற்றும் குற்றம் அவர்கள் எல்லையைக் கடக்கும்போதே முழுமையடைகிறது என்பதால், அதன் ஒரு பகுதி உறுப்பு நாட்டு மண்ணில் நிகழ்ந்ததாகக் கொண்டு விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று 2018 செப்டம்பர் 6 அன்று ஹேக் நீதிமன்றம் கூறியது. அடுத்த ஆண்டு நவம்பரில் புலனாய்வுக்கு அனுமதியும் அளித்தது. 2024 நவம்பரில் மியான்மர் ராணுவத் தலைவர் மின் ஆங் லைங்மீது கைது ஆணை கோரி நீதிமன்ற வழக்குரைஞர் விண்ணப்பித்தார். உறுப்பினராகாமல் இருப்பதே பாதுகாப்பு என்று எண்ணிய ராணுவத்துக்கு, அகதிகள் சென்று சேர்ந்த நாட்டின் உறுப்புரிமை இவ்வாறு எதிராக வந்தது.

இந்தத் தீர்ப்பின் முழுப் பொருளையும் உணர, கும்மிடிப்பூண்டி முகாமை மீண்டும் நினைக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு வந்த ஈழத் தமிழரில், 2006-இல் போர் மீண்டும் மூண்டபின் வந்த நான்காம் கட்டத்தினர் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்கள் வந்த காலம் ஹேக் நீதிமன்றத்தின் கால வரம்புக்குள் அடங்குகிறது. இந்தியா அப்போது உறுப்பு நாடாக இருந்திருந்தால், வங்கதேச முகாம்களில் இருப்போருக்குக் கிடைத்த அதே சட்ட வாதம் இவர்களுக்கும் கிடைத்திருக்கும். அவர்கள் வெளியேறியது சட்டத்தின் பார்வையில் 'வலுவில் வெளியேற்றம்' ஆகுமா என்பது நீதிபதிகள் சாட்சியத்தைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியது; ஆனால் கேட்பதற்கே ஒரு மன்றம் இருந்திருக்கும். மேற்கு நாடுகளில் தஞ்சம் புகுந்த ஈழத் தமிழர் சார்பில் 2021-இல் ஹேக் வழக்குரைஞரிடம் இதே அடிப்படையில் மனு அளிக்கப்பட்டது. அந்நாடுகள் உறுப்பு நாடுகள் என்பதால் அது சாத்தியமாயிற்று. லண்டனுக்குச் சென்ற அகதிக்கு உள்ள வழி கும்மிடிப்பூண்டிக்கு வந்த அகதிக்கு இல்லை. 2006-க்கு முந்தைய மூன்று கட்டங்களில் வந்தோருக்கோ, கால வரம்பின் காரணமாக, ஹேக் எந்நிலையிலும் உதவாது. அவர்களுக்கு உள்நாட்டு நீதியோ, குற்றம் எங்கு நடந்தாலும் விசாரிக்கலாம் என்ற உலகப் பொது அதிகாரத்தின்கீழ் பிற நாடுகள் நடத்தும் வழக்குகளோதான் எஞ்சியுள்ள வழி.

காப்பு யாரைக் காக்கிறது

இத்தகைய சட்டங்கள் அவற்றை இயற்றிய நாட்டுக்கே நன்மை செய்தனவா என்பதும் ஆராயத் தக்கது. 2003 ஜூலையில் அமெரிக்கா 35 நாடுகளுக்கு ராணுவ உதவியை நிறுத்தியதும், அந்நாடுகளுடன் அதன் உறவு தளர்ந்தது. இது தமக்கே கேடாக முடிகிறது என்று 2006-இல் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸே ஒப்புக்கொள்ள, 2008-இல் ராணுவ உதவித் தடை நீக்கப்பட்டது. ஆனால் மனப்போக்கு மாறவில்லை. ஆப்கானிஸ்தானில் நடந்தவற்றைப் புலனாய்வு செய்ய ஹேக் மேல்முறையீட்டு அமர்வு 2020 மார்ச்சில் அனுமதித்ததும், அதே ஆண்டு நீதிமன்ற வழக்குரைஞர் ஃபாட்டூ பென்சூடாமீதே அதிபர் டிரம்ப் அரசு பொருளாதாரத் தடை விதித்தது. பைடன் ஆட்சி அதனை நீக்கியது. உக்ரைனில் ரஷ்யப் படையினர் செய்தவற்றுக்கான ஆதாரங்களை அதே நீதிமன்றத்துடன் பகிரவும் செய்தது. இஸ்ரேலியப் பிரதமர்மீது கைது ஆணை வந்தபின், 2025 பிப்ரவரியில் டிரம்ப் அரசு மீண்டும் தடைகளைக் கொண்டுவந்தது.

வேறு வழியில் சென்ற நாடுகளும் உண்டு. ஆப்கானிஸ்தானில் ஆஸ்திரேலியச் சிறப்புப் படையினர் 39 பேரைச் சட்டவிரோதமாகக் கொன்றதற்கு நம்பத்தகுந்த தகவல் உண்டு என்று, அந்நாட்டு ராணுவமே நியமித்த பிரேரட்டன் விசாரணை 2020-இல் கூறியது. தொடர்ந்து சிறப்புப் புலனாய்வு அலுவலகம் அமைக்கப்பட்டு, 2023-இல் முன்னாள் வீரர் ஒருவர்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. பிரிட்டன் 2021-இல் இயற்றிய அயல்நாட்டு ராணுவ நடவடிக்கைகள் சட்டம், ஐந்தாண்டுகள் கடந்த குற்றங்களுக்குப் படைவீரர்மீது வழக்குத் தொடுப்பதைக் கடினமாக்க முனைந்தது; கடும் எதிர்ப்புக்குப் பின், இனப்படுகொலையும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களும் போர்க்குற்றங்களும் அந்தச் சலுகையிலிருந்து விலக்கப்பட்டன. உள்நாட்டில் கதவை அடைத்தால் ஹேக்கின் கதவு திறக்கும் என்ற சட்ட உண்மை அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம்.

நேர்மையாகப் பணிபுரிந்த படைவீரருக்கு இத்தகைய காப்புச் சட்டங்களால் பயனில்லை. விசாரணை நடந்தால் குற்றமற்றவர் பெயர் தூய்மையாகும். விசாரணையே இல்லாதபோது, ஒரு சிலர் செய்த கொலையின் கறை சீருடை அணிந்த எல்லோர்மீதும் படிகிறது. காப்பினால் உண்மையில் பயன்பெறுவோர் குற்றம் செய்த சிலரும், அவர்களுக்கு ஆணையிட்ட மேலதிகாரிகளுமே.

இந்தியா செய்யக்கூடியவை பல உண்டு. 1959-இல் ஏற்ற இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கைக்கு இன்றுவரை தனிச் சட்டம் இயற்றப்படவில்லை, அதனை இயற்றலாம். 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம், கடுமையான போர்க்குற்றம் செய்தவர் எந்நாட்டவராயினும் இந்திய நீதிமன்றத்தில் தண்டிக்க இடமளித்தும், அரசின் புகார் இல்லாமல் வழக்கை ஏற்க முடியாது என்ற பிரிவால் முடங்கிக் கிடக்கிறது; அப்பிரிவைத் திருத்தலாம். சிறப்பு அதிகாரச் சட்டத்தின் முன் அனுமதி விதியை நீக்கலாம், அல்லது அனுமதி மறுப்பை நீதிமன்ற மறுஆய்வுக்கு உட்படுத்தலாம். 2002-இன் ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் வெளிப்படையாக விவாதித்து, ரோம் சாசனத்தில் சேர்வதை மறுபடியும் பரிசீலிக்கலாம். 2015 செப்டம்பரில் இலங்கைப் போர்க்குற்றங்களுக்குப் பன்னாட்டு விசாரணை கோரித் தீர்மானம் நிறைவேற்றிய தமிழ்நாடு சட்டமன்றம், அதைச் செயலாக்கும் முதல் படியாக, கும்மிடிப்பூண்டி உள்ளிட்ட முகாம்களில் வாழும் முதியோரின் வாக்குமூலங்களை, அவர்களது விருப்பத்துடனும் பெயர் வெளியிடாப் பாதுகாப்புடனும், சட்ட வல்லுநரைக் கொண்டு பதிவு செய்ய ஏற்பாடு செய்யலாம். கண்ணால் கண்டவர்கள் ஒவ்வொருவராக மறைந்துவருகின்றனர். சாட்சியம் இல்லாத வழக்கு எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. இந்தப் பணியை உடனே தொடங்கும்படி தமிழக வாசகர்கள் தங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும்.